கடல் விலகிய ஊரும் ரயில் வந்த ஊரும்

இத்தாலியின் ஃபுளோரன்ஸிலிருந்து பைசா, லா ஸ்பெசியா வழியாக ஜெனோவா வரை செல்லும் இருப்புப்பாதை ஏறத்தாழ 250 கிலோமீட்டர். எங்கும் இறங்காமல் போனால் அரை நாளில் கடந்துவிடலாம். இறங்கி இறங்கிப் போகிறவர்களுக்கு ஒரு வாரம் போதாது. பயண நிறுவனங்கள் இந்த வழியைப் ‘புராதன நகரங்கள், கடலோரச் சிற்றூர்கள்’ என்று இரண்டாகப் பிரித்து விற்கின்றன. முன்பாதியில் தேவாலயமும் ஓவியமும், பின்பாதியில் நீலக் கடலும் மீனும். விற்பதற்கு வசதியான பிரிவினைதான், ஆனால் வரலாற்றுக்கு ஒத்துவராதது. இந்தப் பாதையில் உலகமே அறிந்த புராதன நகரமான பைசா ஒரு காலத்தில் கடலாண்ட துறைமுகம். இதே பாதையில் கூட்டம் மொய்க்கும் கடலோரச் சிற்றூர்களோ, ரயில் வரும்வரை பெரும்பாலும் மலைச்சரிவில் திராட்சை பயிரிட்டவர்களின் ஊர்கள். எது கரை, எது உள்நாடு என்பதை இங்கே முதலில் ஆறும் பிறகு தண்டவாளமும் தீர்மானித்திருக்கின்றன.

இது ஒரே திட்டமாகப் போடப்பட்ட பாதை அன்று. வேலை தொடங்கியபோது இத்தாலி என்ற நாடே கிடையாது. ஃபுளோரன்ஸும் பைசாவும் டஸ்கனிக் கோமகனின் ஆட்சியில் இருந்தன. மாஸா, கராரா பகுதி மோதெனா கோமகனிடம். லா ஸ்பெசியாவும் ஜெனோவாவும் தூரினிலிருந்து ஆண்ட சார்தீனிய அரசரிடம். டஸ்கனிக் கோமகன் இரண்டாம் லியோபோல்டின் பெயரால் ‘லியோபோல்தா’ எனப்பட்ட ரயில்பாதை 1844-இல் லிவோர்னோ துறைமுகத்தையும் பைசாவையும் இணைத்தது. 1848-இல் அது ஃபுளோரன்ஸை எட்டியது. அதன் தடத்தை வகுத்தவர்களில் இங்கிலாந்தின் ராபர்ட் ஸ்டீபன்சனும் ஒருவர். சார்தீனிய அரசு தன் பங்குக்கு அப்பெனைன் மலையைக் குடைந்து 1853-இல் தூரினிலிருந்து ஜெனோவாவுக்கு ரயிலை இறக்கியது. இரண்டு அரசுகளும் அவரவர் துறைமுகத்தை அவரவர் தலைநகரோடு சேர்க்க நினைத்தனவே தவிர, அடுத்தவர் ஊருக்குப் பாதை போடும் எண்ணம் எவருக்கும் இல்லை. 1861-இல் இத்தாலி ஓர் அரசாக அறிவிக்கப்பட்ட பின்தான் இரண்டு தனித்தனிப் பாதைகளையும் கடற்கரையோரமாக இணைக்கும் தேவை எழுந்தது. பைசாவிலிருந்து லா ஸ்பெசியா வரை நிலம் சமதளம், வேலை எளிது. அங்கிருந்து ஸெஸ்த்ரி லெவாந்தே வரை மலை நேராகக் கடலில் இறங்குகிறது. அந்த நாற்பத்துச் சொச்சம் கிலோமீட்டரில் பெரும்பகுதியைப் பாறைக்குள்தான் போட முடிந்தது. 1874 அக்டோபரில் அது திறக்கப்பட்டதும் பாதை முழுமை பெற்றது.

பயணம் தொடங்கும் ஃபுளோரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா நிலையத்தைப் பெரும்பாலோர் பெட்டியை இழுத்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். நின்று பார்க்க வேண்டிய கட்டடம் அது. 1930களின் தொடக்கத்தில் நடந்த போட்டியில் ஜியோவன்னி மிக்கெலூச்சி தலைமையிலான இளம் கட்டடக்கலைஞர் குழு வென்று, 1935-இல் கட்டி முடித்தது. எதிரே, அதே பெயருடைய தேவாலயம்; மறுபுறமுள்ள அதன் முகப்பு லியோன் பத்திஸ்தா ஆல்பெர்த்தி வரைந்தது, 1470-இல் நிறைவுற்றது. அத்தகைய அண்டை வீட்டுக்காரரை வைத்துக்கொண்டு பழைய பாணியைப் போலி செய்யாமல், உயரத்தில் போட்டியிடாமல், நகரத்தின் பழங்கட்டடங்களுக்குப் பயன்பட்ட அதே பழுப்புக் கல்லில் நீண்டு தாழ்ந்து படுத்த நவீனக் கட்டடம் ஒன்றை எழுப்பினார்கள். முசோலினி ஆட்சிக்காலத்துக் கட்டடங்களில் ஆரவாரமில்லாத மிகச் சிலவற்றுள் இது அடங்கும். அந்த ஆட்சியின் கடைசிக் கணக்கும் இங்கேயே எழுதப்பட்டிருக்கிறது: 1943 நவம்பரில் ஃபுளோரன்ஸின் யூதர்களை ஆஷ்விட்ஸ் முகாமுக்கு ஏற்றிச்சென்ற ரயில் இந்த நகரத்திலிருந்துதான் புறப்பட்டது.

மிலானுக்கும் ரோமுக்கும் பறக்கும் அதிவேக ரயில்கள் ஃபுளோரன்ஸைத் தொடுகின்றன. பைசா பக்கம் செல்பவர்களுக்கு அவை தேவையில்லை. ‘ரெஜியோனாலே’ எனப்படும் வட்டார ரயில்களே இந்த வழிக்குப் பொருத்தமானவை. நம் ஊர்ப் பாசஞ்சர் வண்டிபோல முன்பதிவு, இருக்கை எண் எதுவும் இல்லை. முந்தி வாங்கினாலும் புறப்படும் நிமிடத்தில் வாங்கினாலும் சீட்டின் விலை மாறாது. அச்சடித்த சீட்டை ஏறுமுன் நடைமேடையிலுள்ள சிறிய எந்திரத்தில் செருகி நேரமுத்திரை பதித்துக்கொள்ள வேண்டும். மறந்தவர்கள் பரிசோதகரிடம் அபராதம் கட்டுகிறார்கள், சீட்டு கையிலிருந்தும். ஊர்ஊராக இறங்கிப் போவதைச் சாத்தியமாக்குவது இந்தக் கட்டண முறையே. விமானத்தைப் போல ஆளுக்கொரு விலை சொல்லும் வண்டிகளில் மனம்போன ஊரில் இறங்கும் துணிச்சல் யாருக்கும் வராது.

ஃபுளோரன்ஸிலிருந்து பைசா ஏறத்தாழ 80 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். வண்டி ஆர்னோ ஆற்றின் பள்ளத்தாக்கிலேயே இறங்குகிறது. விளம்பரப் படங்களில் வரும் சைப்ரஸ் மரக் குன்றுகளை எதிர்பார்த்துச் சன்னலோரம் பிடித்தவர்களுக்கு ஏமாற்றம்தான். பட்டறைகள், கிடங்குகள், தோல் பதனிடும் ஊர்கள். நடுவே பொந்தெதெரா. அங்குள்ள பியாஜியோ தொழிற்சாலையில்தான் 1946-இல் வெஸ்பா ஸ்கூட்டர் பிறந்தது. 1960களில் பஜாஜ் நிறுவனம் உரிமம் பெற்று அதை இந்தியாவில் தயாரித்தது. எனவே தமிழ்நாட்டுத் தெருக்களில் ஒரு தலைமுறை இடுப்பில் குழந்தையும் முன்பக்கம் காய்கறிப் பையுமாக ஏறிச் சென்ற வண்டியின் ஊர் இது. இறங்கிப் பார்க்க ஓர் அருங்காட்சியகம் உண்டு. வழிகாட்டி நூல்கள் இந்தப் பள்ளத்தாக்கை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. ஆனால் ஃபுளோரன்ஸ் பைசாவை 1406-இல் கைப்பற்றியது இந்தப் பள்ளத்தாக்கு வழியே கடலை அடைவதற்காகத்தான். உள்நாட்டு வணிக நகரம் ஒன்றுக்குத் துறைமுகம் எவ்வளவு பெரிய ஏக்கம் என்பதை அந்தக் காலத்தில் வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

பைசாவில் வந்திறங்கும் கூட்டம் ஒரே திசையில் நடக்கிறது. மத்திய நிலையத்திலிருந்து ஆற்றைக் கடந்து அரை மணி நேரம் நடந்து, சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடிப்பதுபோலப் படமெடுத்துக்கொண்டு, அடுத்த வண்டிக்குத் திரும்புகிறது. நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தேவாலயத்தின் பின்சுவரில் கீத் ஹாரிங் 1989-இல், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, தீட்டிய பெருஞ்சுவரோவியம் இருக்கிறது. அதை நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு.

கோபுரத்தின் கதை பொறியியல் வேடிக்கையாகவே சொல்லப்படுகிறது. உண்மையில் அது ஒரு கடற்படையின் கதையும்கூட. பைசாவின் பேராலயம் 1060களில் தொடங்கியது. பலெர்மோ துறைமுகத்தைத் தாக்கிக் கொள்ளையடித்த செல்வம் அதன் மூலதனங்களில் ஒன்று. அதன் மணிக்கூண்டாக 1173-இல் அடித்தளமிடப்பட்ட கோபுரம், மூன்றாம் தளம் எழும்போதே சாயத் தொடங்கியது. அடியில் இருந்தது ஆறு கொண்டுவந்து சேர்த்த மென்களிமண். வேலை நின்றது. ஏறத்தாழ நூறாண்டு கழித்து 1272-இல் தொடர்ந்தார்கள். 1284-இல் மறுபடி நின்றது, இம்முறை காரணம் மண் அல்ல, போர். அந்த ஆண்டு ஆகஸ்டில் மெலோரியா என்னும் பாறைத்தீவருகே ஜெனோவாவின் கப்பற்படை பைசாவை முறியடித்தது. பைசா அதிலிருந்து எழுந்திருக்கவேயில்லை. மணிகள் தொங்கும் உச்சித்தளம் முடிய 1370 வாக்கில் ஆயிற்று. கோபுரம் இன்றும் நிற்பதற்கு இந்த நெடிய இடைவெளிகள்தான் காரணம் என்பது மண்ணியல் வல்லுநர்களின் முடிவு. இடைநிற்றலில் களிமண் மெல்ல அமுங்கி இறுகிக்கொண்டது. ஒரே மூச்சில் கட்டியிருந்தால் சரிந்திருக்கும். மறுபடி கட்டவந்தவர்கள் ஒவ்வொரு முறையும் சாய்வை ஈடுகட்ட மேல்தளங்களைச் சற்று நிமிர்த்தியதால் கோபுரம் சாய்ந்திருப்பதோடு லேசாக வளைந்தும் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் அதைக் காப்பாற்ற நடந்த முயற்சிகளில் சில அதற்குக் கேடு செய்தன. 1934-இல் அடித்தளத்தில் சிமென்ட் கலவையைச் செலுத்தியபோது சாய்வு கூடியது. 1989-இல் பவியா நகரத்து மணிக்கூண்டு இடிந்து விழுந்து உயிர்ப்பலி வாங்கியதும் அரசு விழித்து, 1990-இல் பைசா கோபுரத்தைப் பூட்டியது. கோபுரம் சாயாத வடக்குப்பக்கத்து மண்ணைச் சிறிது சிறிதாக அகழ்ந்தெடுத்து, கோபுரம் தானே அந்தப் பக்கம் அமரும்படி செய்தார்கள். ஐந்தரைப் பாகையாக இருந்த சாய்வு நான்கு பாகை அளவுக்குக் குறைந்தது. 2001 டிசம்பரில் திறந்தார்கள். முழுக்க நிமிர்த்தும் எண்ணம் ஒருவருக்கும் இருந்ததில்லை. நேராக நிற்கும் மணிக்கூண்டைப் பார்க்க ரயிலேறி யார் வருவார்கள்?

பைசா இழந்த பெரிய பொருள் கடல். ஆர்னோ ஆண்டாண்டாக வண்டலைக் கொட்டிக் கரையை மேற்கே தள்ளிக்கொண்டே போனது. இன்று நகரத்திலிருந்து கடல் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். வென்ற ஜெனோவா 1290-இல் பைசாவின் துறைமுகத்தை அழித்து, அதன் வாயிலில் குறுக்கே கட்டியிருந்த இரும்புச் சங்கிலிகளை வெற்றிச் சின்னமாகத் தூக்கிச் சென்றது. இத்தாலி ஒன்றாகும் தருவாயில், 1860-இல், அவற்றைத் திருப்பிக் கொடுத்தது. கோபுரத்துக்குப் பக்கத்திலுள்ள காம்போசாந்தோ கல்லறை மண்டபச் சுவரில் அவை இப்போது தொங்குகின்றன. ஒரு துறைமுகத்தின் எச்சமாகக் கண்ணுக்கு முன்னால் இருப்பது அவ்வளவே என்று 1998 வரை நினைத்திருந்தார்கள். அந்த ஆண்டு, கோபுரத்துக்கு மிக அருகிலுள்ள சான் ரொஸ்ஸோரே ரயில் நிலையத்தை ஒட்டி ரயில்வே தன் கட்டுப்பாட்டு மையத்துக்காகப் பள்ளம் தோண்டியது. சேற்றுக்குள்ளிருந்து கப்பல்கள் வந்தன. ஒன்றிரண்டல்ல, முழுதும் சிதைவுமாக முப்பது வரை. ரோமானியர் காலத்தில் வெவ்வேறு நூற்றாண்டுகளில், ஆற்று வெள்ளங்களில் அடுத்தடுத்துக் கவிழ்ந்து புதைந்தவை. காற்றுப் புகாத களிமண் மரத்தையும் கயிற்றையும் ஜாடிகளில் இருந்த சரக்கையும் கெடாமல் வைத்திருந்தது. ஒரு மாலுமியின் எலும்புக்கூடும் அவருடைய நாயினுடையதும் கிடைத்தன. கட்டுப்பாட்டு மையம் வேறிடம் போயிற்று. பத்தாண்டுகளுக்கு மேல் அகழ்ந்து, பதப்படுத்தி, 2019-இல் பழைய மெதிச்சிக் கப்பற்கூடத்தில் அருங்காட்சியகம் திறந்தார்கள். பைசாவில் இரண்டு மணி நேரமே இருப்பவர்கள் கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு இங்கே செல்வது நல்லது.

பைசாவுக்கு வடக்கே பாதை கடலை ஒட்டியது என்று வரைபடம் சொல்லும். ஆனால் சன்னலில் தெரிவது கிழக்கே உயரும் மலை. அதன் உச்சிகளில் கோடையிலும் வெள்ளை. பனி என்று எண்ணிப் படமெடுக்கிறார்கள். அது கராராவின் சலவைக்கல் சுரங்கங்களிலிருந்து சரிந்த கல்துகள். மைக்கலாஞ்சலோ பாறை தேடி மாதக்கணக்கில் தங்கிய மலை இது. சுரங்கத்திலிருந்து கல்லை இறக்கவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் தனி ரயில்பாதை போட்டார்கள். 1964-இல் அது மூடப்பட்டு, இன்று அதன் பாலங்களில் லாரிகள் ஓடுகின்றன. கீழே வியரெஜ்ஜியோ கடற்கரை ஊர். 1822 ஜூலையில் லிவோர்னோவிலிருந்து லெரிச்சிக்குப் பாய்மரப் படகில் திரும்பிய ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி புயலில் மூழ்கினார். உடல் இந்தக் கரையோரம் ஒதுங்கியது. தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி மணலிலேயே தகனம் செய்தார்கள். ஊர்க்காரர்கள் மறக்காதது வேறொன்று. 2009 ஜூன் 29 நள்ளிரவுக்குச் சற்று முன், எரிவாயு ஏற்றிய சரக்கு ரயில் வியரெஜ்ஜியோ நிலையத்தில் தடம்புரண்டு, கசிந்த வாயு பக்கத்துத் தெருவுக்குள் பரவித் தீப்பற்றியது. 32 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் வீட்டில் இருந்தவர்கள். விடுமுறைக்காரர்களின் வண்டி ஓடும் அதே தண்டவாளத்தில் ஒரு நாட்டின் சரக்கும் ஓடுகிறது என்பது அழகிய பயண ஏடுகளில் இடம்பெறாத செய்தி.

லா ஸ்பெசியா எவரும் தங்க விரும்பாத, எல்லோரும் தங்க நேரும் ஊர். இதைப் பெருநகராக்கியது கடற்படை. 1860களில் இத்தாலி தன் கடற்படைத் தளத்தை இங்கே அமைத்தது. ஆயுதக் கப்பற்கூடம் 1869-இல் செயல்படத் தொடங்கியது. ஜெனோவாப் பாதையைப் பாறை குடைந்தேனும் போட்டாக வேண்டிய அவசரத்தில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சுக்கு இலக்கானதும் இதனாலேயே. இன்று உல்லாசக் கப்பல்கள் இங்கே நங்கூரமிட்டு ஆயிரமாயிரமாக ஆட்களை இறக்கிவிடுகின்றன. அவர்கள் நேரே ரயில் நிலையத்துக்கு வருகிறார்கள், ஏழெட்டு நிமிட தூரத்திலுள்ள சிங்குவே தெர்ரேவுக்காக.

ரியோமஜ்ஜியோரே, மனரோலா, கொர்னீலியா, வெர்னாத்சா, மொந்தேரோஸ்ஸோ: ஐந்து ஊர்கள், மொத்தமாகச் சில ஆயிரம் மக்கள். மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் கடலைத் தொடும் இடுக்குகளில் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. கொர்னீலியா மட்டும் கடலிலிருந்து நூறு மீட்டர் உயரத்தில் பாறை முனையில் இருக்கிறது. நிலையத்திலிருந்து ஊருக்கு 380-க்கும் மேற்பட்ட படிகள். இந்த ஊர்களின் செல்வம் கடல் அன்று, சுவர். செங்குத்தான சரிவை நூற்றாண்டுக் கணக்கில் வெட்டித் தட்டுத்தட்டாக்கி, ஒவ்வொரு தட்டையும் சாந்து பூசாத வெறும் கல்லடுக்கால் தாங்கி, அதில் திராட்சைக்கொடி படரவிட்டார்கள். சாந்தில்லாததே அதன் சூட்சுமம். மழைநீர் கல்லிடுக்கு வழியே கசிந்து வெளியேறும், சுவர் புடைக்காது. ஆனால் ஆண்டுதோறும் ஆள் பார்த்துச் சரிந்த கல்லை எடுத்து அடுக்க வேண்டும். கைவிட்ட சுவர் சில மழைக்காலங்களில் வயிறு தள்ளி விழும். அறுவடையைப் பெண்கள் தலையில் சுமந்து இறக்கினார்கள். உலரவைத்த திராட்சையிலிருந்து வடிக்கும் ‘ஷக்கெத்ரா’ என்ற இனிப்பு மது இங்கே பெயர்பெற்றது. மீன் பிடித்தவர்கள் இருந்தார்கள், குறிப்பாக மொந்தேரோஸ்ஸோவின் உப்பிட்ட நெத்திலி இன்றும் விற்கிறது. ஆனால் ஐந்து ஊரையும் மீனவக் குப்பமாகக் காட்டும் அஞ்சலட்டை, உழவரின் உழைப்பை மறைத்துவிடுகிறது. ரியோமஜ்ஜியோரேயில் சுவரோவியமாகத் தீட்டப்பட்டிருப்பவர்களில் கல் சுமப்பவர்களும் கூடை சுமப்பவர்களும் இருப்பது தற்செயலன்று.

1874-இல் ரயில் வந்தபோது இந்த ஊர்களுக்கு வண்டிச்சாலை கிடையாது. கோவேறு கழுதைப் பாதையும் படகும்தான். ரயில் இரண்டு வேலைகளை ஒருசேரச் செய்தது. வெளியூர்க்காரர்களை உள்ளே கொண்டுவந்தது. ஜெனோவாவில் 1896-இல் பிறந்த கவிஞர் யூஜேனியோ மொந்தாலே தன் இளமைக் கோடைகளை மொந்தேரோஸ்ஸோவிலிருந்த குடும்ப வீட்டில் கழித்தார். அந்தப் பாறையும் வெக்கையும் அவருடைய முதல் தொகுப்பில் இறங்கின. 1975-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மறுபுறம், உள்ளூர் ஆண்களை வெளியே கொண்டுபோனது. லா ஸ்பெசியாவின் கப்பற்கூடத்தில் மாதச் சம்பளம் கிடைக்கும்போது சரிவில் கல்லடுக்க யார் இருப்பார்கள்? திராட்சைக் கொடிகளை அழித்த ஃபிலாக்செரா பூச்சியும் கப்பலேறிய குடியேற்றமும் சேர்ந்துகொள்ள, தட்டுகள் ஒவ்வொன்றாகப் புதராயின. 1997-இல் யுனெஸ்கோ இவ்வூர்களை உலக மரபிடமாக அறிவித்தது. 1999-இல் தேசியப் பூங்கா அமைந்தது. எந்த நிலக்காட்சிக்காக அந்த அங்கீகாரம் வழங்கப்பட்டதோ, அதை உருவாக்கிய உழவு அதற்குள் பெருமளவு நின்றுபோயிருந்தது. இன்று ஒரு சிறு பகுதியில்தான் பயிர் இருக்கிறது. பற்சக்கர ஒற்றைத் தண்டவாளத்தில் ஏறும் குட்டி வண்டிகள் திராட்சைக் கூடைகளை இறக்குகின்றன.

கைவிட்ட சரிவு என்ன செய்யும் என்பது 2011 அக்டோபர் 25 அன்று தெரிந்தது. சில மணி நேரத்தில் கொட்டிய பேய்மழையில் வெர்னாத்சாவிலும் மொந்தேரோஸ்ஸோவிலும் மலை சேறாகி இறங்கியது. வெர்னாத்சாவின் முதன்மைத் தெரு, மூடி மறைக்கப்பட்ட ஓடையின் மேல் போடப்பட்டது. ஓடை தன் வழியைத் திரும்பக் கேட்டது. முதல் மாடி வரை சேறும் கல்லும் கார்களும் நிரம்பின. அவ்வூரில் மூவர் இறந்தார்கள். மழை வரலாறு காணாதது என்பது உண்மை. பராமரிப்பற்ற தட்டுகள் சேதத்தைப் பெருக்கின என்பதும் உண்மை. ஊர் சீரமைந்து சில மாதங்களில் கடைகள் திறந்தன.

ஊர்களுக்கிடையே ரயில் ஓடுவது இரண்டொரு நிமிடமே, அதுவும் சுரங்கத்துக்குள். வெர்னாத்சாவில் நடைமேடையின் ஒரு பகுதியே பாறைக்குள் இருக்கிறது. கடல் சன்னலில் மின்னி மறைகிறது. ரயிலிலிருந்து காட்சி பார்க்க வந்தவர்களுக்கு இப்பாதை அநியாயம் செய்கிறது எனலாம். காட்சி வேண்டுமானால் நடக்க வேண்டும். ஊர்களை இணைக்கும் பழைய ஒற்றையடிப் பாதைகளுக்குச் சீட்டு உண்டு, மழை பெய்தால் மூடிவிடுவார்கள். அவற்றில் புகழ்பெற்ற ‘காதல் பாதை’ ரியோமஜ்ஜியோரேக்கும் மனரோலாவுக்கும் இடையே பாறை விளிம்பில் செல்வது. காதலருக்காக வெட்டப்பட்டதன்று அது. இருப்புப்பாதையை இரட்டிப்பாக்கும் வேலையின்போது வெடிமருந்தை ஊருக்கு வெளியே வைக்கவும் தொழிலாளர் போய்வரவும் உண்டான தடம். ஊர்ப்பிள்ளைகள் அதன் வேறு பயனைக் கண்டுபிடித்தார்கள். 2012-இல் பாறை உருண்டு சுற்றுலாப் பயணிகள் காயமடைந்ததும் மூடப்பட்டு, பன்னிரண்டு ஆண்டு வேலைக்குப்பின் 2024-இல் திறந்தது. இப்போது நேரம் குறித்த கட்டணச் சீட்டு.

பருவகாலத்தில் லா ஸ்பெசியாவுக்கும் லெவாந்தோவுக்கும் இடையே அடிக்கடி வண்டி விடுகிறார்கள். இந்தக் குறுந்தூரத்துக்குக் கிலோமீட்டர் கணக்கு செல்லாது, தனிக் கட்டணம். ஆனாலும் நண்பகலில் ஏற இடமிருக்காது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் உள்ளூர்க்காரர்களுக்கும் இதே வண்டிதான். ஊருக்கு வாழ்வு கொடுத்த தடமே ஊர்க்காரருக்கு இடம் கொடுக்காமல் போவதுதான் சிங்குவே தெர்ரேயின் இன்றைய சிக்கல். வீடுகள் வாடகை அறைகளாகின்றன, இளைஞர்கள் லா ஸ்பெசியாவில் குடியேறி இங்கே வேலைக்கு வருகிறார்கள். கப்பற்கூட நாள்களில் போய்வந்த திசை தலைகீழாகிவிட்டது. அக்கறையுள்ள பயணி செய்யக்கூடியது நவம்பரிலோ மார்ச்சிலோ வருவது, வந்தால் இரவு தங்குவது.

லெவாந்தோவைத் தாண்டினால் நெரிசல் தளர்கிறது. இங்கே பழைய ஒற்றைப் பாதையை விட்டு மலைக்குள் புதுப் பாதை போட்டதால் மிஞ்சிய சுரங்கங்கள் மிதிவண்டித் தடமாகியிருக்கின்றன. ஸெஸ்த்ரி லெவாந்தே, கியாவாரி, ரப்பாலோ, சாந்தா மார்கரீத்தா என ஒவ்வொன்றும் இறங்கத் தகுந்தவையே, ஒன்றில் இறங்கியவர் மற்றதைத் தவறவிட்டதாக வருந்த வேண்டியதில்லை. கமோலி வேறு. பாய்மரக் காலத்தில் இவ்வூர்க் கப்பல்கள் ஐரோப்பாவின் பெரிய துறைமுகங்களோடு எண்ணிக்கையில் போட்டியிட்டன. கப்பல் முதலாளிகள் தமக்குள் பரஸ்பரக் காப்பீட்டுச் சங்கம் ஒன்றை 1853-இல் தொடங்கினார்கள். நீராவிக் கப்பல் வந்ததும் எல்லாம் முடிந்தது. கடலைப் பார்த்து நிற்கும் ஆறேழு மாடி வீடுகளின் முகப்பில் சன்னலும் தூணும் பூவேலையும் சாயத்தால் வரைந்தவை, சில சன்னல்கள் மட்டும் நிசம். கல்லில் செதுக்கப் பணமில்லாத ஊர் இதைச் செய்யவில்லை, கப்பலில் போடுவதே முதலீடு என்று கருதிய ஊர் செய்தது. ஜெனோவா எல்லைக்குள் நுழைந்ததும் வரும் குவார்த்தோ நிலையத்தருகே உள்ள பாறைக் கரையிலிருந்துதான் 1860 மே மாதம் கரிபால்டி தன் ஆயிரம் தொண்டர்களோடு சிசிலிக்குக் கப்பலேறினார். இத்தாலி ஓர் அரசாகி இந்தப் பாதை ஒன்றாவதற்கு அந்தப் பயணமும் ஒரு காரணம்.

ஜெனோவாவின் பியாத்சா பிரின்சிபே நிலையம் கடல் தளபதி ஆந்த்ரேயா தோரியாவின் அரண்மனைத் தோட்டத்தைக் கிழித்துக்கொண்டு அமைந்தது. வாசலில் கொலம்பஸ் சிலை. அவர் போன அமெரிக்காவுக்கு, இந்நிலையத்தில் இறங்கித் துறைமுகத்துக்கு நடந்து, பின்னர் லட்சக்கணக்கான இத்தாலிய ஏழைகள் போனார்கள். பழைய நகரம் வானம் கீற்றாகத் தெரியும் சந்துகள். அடுப்பிலிருந்து இறக்கும் ‘ஃபாரினாத்தா’ தகடு தகடாக வெட்டித் தரப்படுகிறது. கொண்டைக்கடலை மாவும் ஆலிவ் எண்ணெயும் மட்டுமே உள்ள அந்த அடைக்குத் தமிழ் நாக்கு உடனே பழகிவிடும். சந்திலிருந்து ஒரு திருப்பத்தில் பதினாறாம் நூற்றாண்டு மாளிகை வரிசை. குடியரசாக இருந்த ஜெனோவாவில் அரசருக்கான அரண்மனை இல்லை. வெளிநாட்டு அரசரோ தூதரோ வந்தால் தகுதிப் பட்டியலிட்ட தனியார் மாளிகைகளில் குடவோலைபோலச் சீட்டெடுத்துத் தங்கவைத்தார்கள். அம்மாளிகைகளில் 42-ஐ 2006-இல் யுனெஸ்கோ மரபிடமாக்கியது.

துறைமுகத்தருகே சான் ஜியார்ஜியோ மாளிகை. 1260-இல் கட்டப்பட்டது. ஒரு காலத்தில் சிறை. வெனிஸோடு நடந்த போரில் பிடிபட்ட மார்க்கோ போலோ 1298-இல் ஜெனோவாவில் கைதியாக இருந்தார். இந்தக் கட்டடத்தில்தான் என்பது வழிவழிச் செய்தி. உடன் இருந்த கைதி பைசாவைச் சேர்ந்த ருஸ்திக்கெல்லோ, வீரகதை எழுதுபவர். பைசா நகரம் மெலோரியாவில் இழந்த ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர் என்று கருதப்படுகிறது. வெனிஸ்காரர் சொல்ல, பைசாக்காரர் எழுத, ஜெனோவாச் சிறையில் உருவான நூலில் பாண்டிய நாடு விரிவாக வருகிறது. முத்துக்குளிப்பு, சுறாவைக் கட்ட மந்திரம் ஓதுபவருக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு, அரேபியக் கரையிலிருந்து இறங்கிப் பராமரிப்பின்றிச் சாகும் குதிரைகள், மேற்குக் கப்பல்களெல்லாம் வந்து தொடும் காயல் பட்டினம். அந்தக் காயல், தாமிரபரணியின் முகத்துவாரத்தில் இருந்த பழையகாயல் என்பது பரவலாக ஏற்கப்படும் கருத்து. ஆறு கொட்டிய வண்டலால் கொற்கை முதலில் கடலை இழந்தது, பிறகு காயலும் இழந்தது. ருஸ்திக்கெல்லோ எழுதிய நாளில் காயலில் கப்பல்கள் நெருக்கியடித்தன. அவருடைய சொந்த ஊர்த் துறைமுகம் எட்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அழிக்கப்பட்டிருந்தது.

ஜெனோவாவோடு இந்தப் பயணம் பொதுவாக முடிகிறது. தண்டவாளம் மேற்கே பிரெஞ்சு எல்லையிலுள்ள வெந்திமீலியா வரை கரையோரமாகத் தொடர்கிறது. அங்கே மாறுதல் நடந்துகொண்டிருக்கிறது. அலையை ஒட்டி ஓடிய ஒற்றைப் பாதை வேகத்துக்கும் சரக்குக்கும் ஈடுகொடுக்காததால், சான் லொரென்சோவிலிருந்து ஒஸ்பெதலெத்தி வரையிலான பகுதியை 2001-இலும் அந்தோராவிலிருந்து சான் லொரென்சோ வரையிலானதை 2016-இலும் மலைக்குள் இரட்டைப் பாதையாக நகர்த்திவிட்டார்கள். சான் ரெமோவின் புதிய நிலையம் நிலத்தடியில் இருக்கிறது. இறங்கியவர்கள் நீண்ட சுரங்க நடைவழியைக் கடந்துதான் வெளிச்சத்துக்கு வர வேண்டும். கரையோரத்துப் பழைய தடத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கி மிதிவண்டிப் பாதை போட்டிருக்கிறார்கள், அதில் வாடகை மிதிவண்டிக்குக் கோடையில் வரிசை நிற்கிறது. அந்தோராவுக்கும் ஃபினாலே லிகூரேக்கும் நடுவில் மட்டும் ரயில் இன்னும் ஒற்றைப் பாதையில் கடலைப் பார்த்தபடி ஓடுகிறது. அந்தப் பகுதியையும் உள்ளே நகர்த்துவது திட்டத்தில் இருக்கிறது.